சவுக்கு வெட்டப் போன ஞாயிறு

எங்கள் அப்பாவுக்கு எதைப் பார்த்தாலும் அளக்க வேண்டும். திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வேலைக்குப் போகாத நாளிலும் டேப் கழுத்தில் கிடக்கும். கிறிஸ்துமஸ் மரம் வெட்டச் சேவூருக்குக் கிளம்பிய அந்த ஞாயிற்றுக்கிழமையும் டேப்போடுதான் வந்தார்.

"மரத்துக்கு என்னத்துக்குப்பா டேப்பு?" என்று கேட்டேன்.

"வீட்டுக்குள்ள நிக்கணும்லா? ஓட்டுல இடிச்சா மரத்த மடக்கியா வைப்ப?" என்றார். அவரிடம் பேசி ஜெயிக்க முடியுமா!

எண்பதுகளின் கடைசி அது. தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரிலிருந்து பிழைக்க வந்தவர்கள் நாங்கள். தம்பி திருப்பூரிலேயே பிறந்தவன். எனக்கும் ஊர் மங்கலாகத்தான் நினைவிருந்தது. ஒவ்வொரு டிசம்பரிலும் "ஷிப்மென்ட் நேரம், லீவு கெடைக்காது" என்ற பேச்சு வீட்டில் எழும், ஊர்ப்பயணம் நின்றுபோகும். அம்மாவைப் பெற்ற தாத்தா ஊரில் தனியாக இருந்தார். மகள் வருவாள் என்று வருஷம் தவறாமல் வாசல் சுவருக்கு வெள்ளையடித்து வைப்பாராம். அங்கிருந்து வருகிறவர்கள் வந்து சொல்வார்கள். அம்மா கேட்டுக்கொண்டு அடுப்படிக்குள் போய்விடுவாள். எனக்கு அப்பா மேல் பற்றிக்கொண்டு வரும். பெரிய கம்பெனி, பெரிய ஷிப்மென்ட்!

எங்கள் ஊரில் கிறிஸ்துமஸ் மரம் என்றால் சவுக்குதான். பண்டிகைக்கு முந்தி ஒருநாள் குடும்பத்தோடு தோப்புக்குப் போவார்கள். வீட்டுப் பெண் எந்த மரத்தில் கை வைக்கிறாளோ அதைத்தான் வெட்டுவார்கள். சின்ன வயதில் அம்மா தாத்தாவின் தோளில் உட்கார்ந்துகொண்டு கை வைப்பாளாம். திருப்பூரில் நாங்கள் ஒரு வேப்பங்கொப்பை ஒடித்து, கம்பெனிப் பஞ்சைச் சுற்றி ஒப்பேற்றிக்கொண்டிருந்தோம். அந்த வருஷம் அப்பாவோடு வேலை செய்த ஒருவர், சேவூரில் தங்கள் தோட்டத்து வாய்க்கால் ஓரம் சவுக்கு நிற்கிறது, வந்து வெட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "ஊருக்குப் போகாட்டா என்ன, ஊரு மரத்தக் கொண்டாந்துருவோம்" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

காலைப் பூசை முடிந்ததும் பஸ் ஏறினோம். தோட்டத்தில் அப்பாவின் நண்பர் இல்லை. அவருடைய மனைவிதான் மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். "வாங்க, வாங்க. ஊட்டுக்காரரு சொன்னாருங்க. உங்க நோம்பிக்குங்களா? வேணுங்கறத வெட்டிக்கோங்க" என்றார். என் கன்னத்தைத் தொட்டு, "மோர் குடிக்கிறயா கண்ணு?" என்று கேட்டார். பண்டிகையை நோம்பி என்று சொல்வது எனக்குப் பிடிக்கும். நானும் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்வேன்.

வாய்க்கால் ஓரம் சவுக்கு வரிசை நீளமாகப் போனது. அப்பா அரிவாளைத் தீட்டிக்கொண்டு முதல் மரத்தடியில் நின்றார். "இது சரியா இருக்கும். கை வை."

அம்மா அண்ணாந்து பார்த்தாள். "கோணலா இருக்கு."

அடுத்தது அடர்த்தியில்லை. அதற்கடுத்ததில் நுனி காய்ந்திருந்தது. இன்னொன்று ரொம்பப் பச்சையாம்! அப்பா டேப்பை விரித்து விரித்துச் சுருட்டினார். "ஏட்டி, பொண்ணு பாக்க வந்தவன்கூட இத்தன கொற சொல்ல மாட்டான்" என்றார். தம்பி பசி என்று சிணுங்கினான். அம்மா எதையும் காதில் வாங்காமல், இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தாள். அவள் மரத்தைப் பார்க்கவே இல்லை என்பது எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் புரிந்தது. காற்று வரும்போதெல்லாம் நின்றாள். மேலே அந்தச் சத்தம் எழும்பி அடங்கியதும் நடந்தாள். சவுக்கில் காற்று நுழைந்தால் கடல் இரைவது மாதிரியே இருக்கும். ஊர் மறந்துபோன நானே கடல் எந்தப் பக்கம் என்று திரும்பிப் பார்த்தேன்.

வரிசை முடிகிற இடத்தில், கடைசி மரத்தில் கை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. "அப்பாடா" என்று அப்பா அரிவாளை ஓங்கினார்.

"வெட்டாதீங்க" என்றாள். அப்படியே மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டாள். அம்மா வாய்விட்டு அழுது அதுவரை நான் பார்த்ததில்லை.

அப்பா பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்தார். "சரி விடு. ஷிப்மென்ட் கெடக்கட்டும். மொதலாளி லீவு தாரேன்னுதான சொல்லுதாரு, இந்தத் தடவ போவோம். ஒங்க அப்பாவுக்கும் வயசாச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. லீவு கிடைக்குமா? அப்புறம் ஏன் இத்தனை வருஷமாக?

"வேண்டாம்" என்றாள் அம்மா. "போனா நான் திரும்பி வர மாட்டேங்க. எனக்குத் தெரியும். அவரு தனியா நிக்கதப் பாத்துட்டு என்னால பஸ் ஏற முடியாது. இங்க ஒங்களுக்கு வேல இருக்கு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கு. என்னையப் போகச் சொல்லாதீங்க."

அப்பா அரிவாளைத் தள்ளி வைத்தார். அவர் மேல் நான் சேர்த்து வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

வெயில் சாய்கிறவரை அங்கேயே இருந்தோம். தோட்டத்து அம்மா வந்து எட்டிப் பார்த்தார். ஏன் அழுகை என்று கேட்கவில்லை. எங்களுக்குச் சோறு கொண்டுவந்து வைத்தார். கிளம்பும்போது அப்பா ஒரு பக்கக்கொப்பை மட்டும் வெட்டிக்கொண்டார். அளக்கவில்லை. வீட்டில் மண் நிரப்பிய டின்னில் அதை நட்டு, கட்டிங் வேஸ்ட்டில் சிவப்பும் பச்சையுமாகத் துணி பொறுக்கிக் கட்டினோம். மின்விசிறியைப் போட்டால் லேசாக இரையும். அம்மா குளிரிலும் மின்விசிறியை நிறுத்த விடவில்லை. அந்த வீடும் அந்த நால்வரும் ஒரே ஒரு நாளைக்குத் திரும்பக் கிடைத்தால், குளிரில் நடுங்கிக்கொண்டே கிடப்பேன்.

அதற்கப்புறமும் கிறிஸ்துமஸ்கள் வந்தன, நாங்கள் போகவில்லை. நான் பெரிய வகுப்புக்கு வந்தபிறகு ஒரு மழைக்காலத்தில் தாத்தா இறந்துபோனார். எங்களுக்குப் பரீட்சை. தந்தி வந்ததும் அம்மா மட்டும் புறப்பட்டுப் போனாள். அவள் வரமாட்டாள் என்றே நான் நினைத்தேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், ஷேவ்கூடச் செய்யாமல் திரிந்தார். அடக்கம் முடிந்த மறுநாளே பஸ் ஏறியிருக்கிறாள். விடிகாலையில் பையோடு வாசலில் வந்து நின்றாள். அப்பா ஓடிப்போய்ப் பையை வாங்கினார்.

"வந்துட்டேங்க" என்றாள். "இனிமே எத்தன தடவ போனாலும் வந்துருவேன்."