மதகுச் சாவி

மனிதவள அதிகாரி நீட்டிய கடிதத்தில் புது அச்சின் வாடை அடித்தது. தொழிற்சாலையின் புகார்க் குழுவுக்கு என்னை ‘ஆனரரி பிரசிடெண்ட்’ ஆக்கியிருந்தார்கள்.

1991இல் பிள்ளைப்பாக்கத்து எங்கள் வீட்டுக் கதவிலும் இதே வாடை அடித்தது. ஏரிப் பாசனச் சங்கத்தின் ஆனரரி பிரசிடெண்ட் என்று தன் பெயர் போட்ட ரோஸ் நோட்டீஸை அப்பாவே பசை தடவி ஒட்டினார்.

“அதுக்கு இன்னா அர்த்தம்மா?” என்று ஏழாவது படித்த என்னைக் கேட்டார்.

அகராதியைப் பார்த்து, “கௌரவத் தலைவர்ப்பா” என்றேன். பக்கத்திலேயே ‘அதிகாரமில்லாத’ என்றும் இருந்தது. அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து அதைப் படிக்காமல் விட்டேன்.

ஏரி மதகைத் திறந்து மூடுவது அப்பாதான்; அதன் சாவி எப்போதும் அவர் அரைஞாணில்தான் தொங்கும். முதல் தண்ணீரைக் கடைமடைக்கு விடுவது அவர் வழக்கம். நோட்டீஸ் ஒட்டிய வாரமே அவருடைய சிநேகிதரும் சங்கச் செயலாளருமான ஏகாம்பரம் வந்தார்.

“தலைவரு நீ எதுக்குண்ணே சேத்துல எறங்கிகினு? சாவியக் குடு, நான் பாத்துக்கிறேன்.”

அப்பா சிரித்துக்கொண்டே அவிழ்த்துக் கொடுத்தார்.

ஏகாம்பரத்தின் நிலம் மதகை ஒட்டி இருந்தது. அந்தப் போகம் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை. அங்கே இருந்த எங்கள் நாற்றும் கருகியது. நியாயம் கேட்கப் போன அப்பாவிடம், “நீ பேருக்குத்தான் தலைவரு. இங்கிலீஷ் படிக்குதே உம்பொண்ணு, சொல்லலியா?” என்றார் அவர்.

அப்பா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நோட்டீஸை மட்டும் நகத்தால் சுரண்டி எடுத்தார்.

“புகார்ப் பெட்டிச் சாவி யாருகிட்ட சார் இருக்கும்?” என்று அதிகாரியைக் கேட்டேன்.

“எங்ககிட்டயே இருக்கட்டும் மேடம். உங்களுக்கு எதுக்கு அந்தச் சிரமம்?”

கடிதத்தை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு எழுந்தேன்.