மார்த்தாவுக்குக் குடல்வால் இல்லை

எழிலரசி டெக்ஸாஸின் ரவுண்ட் ராக்கில் ஒரு கம்பெனியில் தரச்சோதனை இன்ஜினியர். சப்ளையர்கள் அனுப்பும் சான்றிதழ்களில் பொய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்ப்பதே அவள் பிழைப்பு. முதல் தாளில் ஒரு தேதி, ஒன்பதாம் தாளில் வேறொரு தேதி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

பெருந்துறையில் தறி ஓட்டிய வீட்டின் முதல் பட்டதாரி அவள். ஜெர்மனிக்குப் படிக்கப் போகலாம் என்று கோயம்புத்தூரில் இரண்டு வருடம் ஜெர்மன் கற்றாள்; விசா என்னவோ டெக்ஸாஸுக்குத்தான் கிடைத்தது. கற்ற மொழி சும்மா கிடக்கிறதே என்றுதான், பக்கத்து இருக்கை கேரல் ஒரு செருப்புப் பெட்டி நிறையக் கடிதங்களைக் கொண்டுவந்தபோது வாங்கிக்கொண்டாள். கேரலின் தாத்தா 1926இல் ஜெர்மனியிலிருந்து வந்தவர். ஊரில் தங்கிவிட்ட அண்ணனும் தங்கையும் அவருக்கு எழுதியவை அவை.

பழைய கையெழுத்து பிடிபட ஒரு மாதம் ஆயிற்று. அப்புறம் கீழே வைக்க முடியவில்லை. ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள்தான். நாஜிகள் வந்ததும் ஆளுக்கொரு திசை. அண்ணன் ஓட்டோ வாத்தியார். 1933இல் பள்ளியின் யூதத் தலைமையாசிரியரை வெளியேற்றினார்கள். அந்த நாற்காலி ஓட்டோவுக்கு வந்தது. ‘நாட்டில் ஒழுங்கு வந்துவிட்டது’ என்று எழுதினார். தங்கை ஹெட்விக் கட்டிக்கொள்ளவிருந்தவன் அச்சகத் தொழிலாளி, தொழிற்சங்கத்துக்காரன். எட்டு மாதம் வதைமுகாமில் இருந்துவிட்டு வந்தவன், பிறகு ஜன்னலைச் சாத்தாமல் வாய் திறப்பதில்லையாம்.

1936இல் ஹெட்விக் எழுதியது: ‘கல்யாணத்துக்கு முன் சுகாதார அலுவலகத்தில் கேள்வித்தாள் கொடுத்தார்கள். குடும்பத்தில் யாருக்காவது வலிப்பு உண்டா என்று கேட்டிருந்தது. உண்டு என்றால் கல்யாணத்துக்கு அனுமதி கிடையாது. இல்லை என்று எழுதினோம்.’

கடைசித் தங்கை மார்த்தாவுக்கு வலிப்பு உண்டு.

எழிலரசி அந்த வரியைத் தாண்டவில்லை. பெருந்துறையில் செல்போன் கடை வைத்திருக்கும் தம்பி சபரிக்கு எட்டு வயதிலிருந்து வலிப்பு. முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கியபோது குடும்பத்தில் எல்லோர் பெயரையும் எழுதினார்கள், அவன் பெயரும் இருந்தது. இப்போது வரனாக வந்திருக்கும் ஃபிரிஸ்கோ அனிருத்தின் வீட்டுக்கு அம்மா அனுப்பிய ஜாதகக் குறிப்பில் ‘தம்பி, சொந்தத் தொழில்’ என்பதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை பையனின் அம்மா ருக்மிணி வீடியோவில் பேசப் போகிறார்.

“சபரியும் உக்காரட்டும்மா” என்றாள் போனில்.

“அவன் கோபிக்குச் சித்தி ஊட்டுக்குப் போறான் கண்ணு. அவுங்க முன்னால வலிப்பு வந்து தொலைச்சா?”

“மூணு வருஷமா வரலியே!”

“அப்பறம் எதுக்குச் சொல்லோணும்? பொய்யா சொல்றோம்? சொல்லாம உடறோம், அவ்ளோதான்.”

எழிலரசி போனை வைத்தாள். நாமும் இத்தனை நாள் அப்படித்தானே நினைத்தோம் என்று தோன்றியது. இந்த வரன் அவளுக்கும் பிடித்திருந்தது.

பெட்டிக்குத் திரும்பினாள். மார்த்தா 1938இல் ஒரு காப்பகத்தில் சேர்க்கப்பட்டாள். 1941 மார்ச்சில் ஹெட்விக்கின் கடிதம்: ‘மார்த்தா குடல்வால் அழற்சியால் திடீரென இறந்ததாகக் காப்பகம் எழுதியிருக்கிறது. எரித்துவிட்டார்களாம். நாங்கள் பதில் எழுதவில்லை.’

பதில் ஏன் எழுதவில்லை? பிழைப்புப் புத்தி விடவில்லை. பெட்டியின் அடியிலிருந்து மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். 1928 கடிதம் ஒன்று: ‘மார்த்தாவின் குடல்வாலை எடுத்தாயிற்று. டாக்டர் ஜாடியில் போட்டுக் காட்டினார். தெருவில் எல்லோரிடமும் பெருமை அடித்துக்கொள்கிறாள்.’

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பிறகு இணையத்தில் தேடினாள். காப்பகங்களில் இருந்த மனநோயாளிகள், வலிப்புக்காரர்கள், ஊனமுற்றோர் எழுபதாயிரம் பேரை 1940, 41இல் நாஜிகள் நச்சுவாயு செலுத்திக் கொன்றிருக்கிறார்கள். சாவுக்குக் காரணத்தை ஒரு பட்டியலிலிருந்து பார்த்துத் தட்டச்சு செய்திருக்கிறார்கள்.

எழிலரசி படித்துச் சொன்னதும் கேரல் இரண்டு கடிதங்களையும் வாங்கிப் பார்த்தாள். “எங்க வீட்டில் அவள் படமே இல்லை. ஏனென்று யாரும் கேட்டதும் இல்லை” என்றாள்.

ஞாயிறு காலை எட்டு மணி. பெருந்துறையில் மாலை. சபரியைக் கூப்பிட்டாள்.

“எங்கடா இருக்கற?”

“பஸ்ல. குன்னத்தூர் வரப்போவுது.”

“எறங்கு. ஊட்டுக்குப் போ.”

“டிக்கெட் எடுத்துட்டேன்க்கா. சித்தி வேற கறி எடுத்து வெச்சிருக்குது.”

“எறங்குடா!”

ஒன்பது மணிக்கு வீடியோவில் ருக்மிணி சிரித்த முகமாகத்தான் ஆரம்பித்தார். அரைமணி பேச்சு கோயில், வேலை, கிரீன் கார்டு என்று போனது. சபரி மூச்சிரைக்க வந்து அம்மாவின் பின்னால் உட்கார்ந்தான். அம்மா திரும்பிப் பார்த்து வெளிறிப்போனார்.

“இவர்தான் தம்பியா? என்ன பண்றார்?”

“செல்போன் கடை வெச்சிருக்கான் ஆன்ட்டி. சின்னதுலேருந்து வலிப்பு இருக்கு, மாத்திரை சாப்பிடறான். மூணு வருஷமா வரல” என்றாள் எழிலரசி.

ருக்மிணி தண்ணீர் குடித்தார். “நாங்க டிஸ்கஸ் பண்ணிட்டுச் சொல்றோம்மா.” அவர் முகம் திரையிலிருந்து மறைந்தது. அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

“போச்சு, மாப்பிள்ளை போயிட்டாரு” என்றான் சபரி. “சித்தியோட கறியும் போச்சு. எதுக்குக்கா இந்த வேல?”

எழிலரசி நாற்காலியில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

“மார்த்தான்னு ஒரு புள்ள இருந்தாடா. அவ குடல்வால டாக்டரு ஜாடில போட்டுக் காட்டுனாரு.”

“ஜாடிலயா?” சபரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டான். “எந்த ஊர்ப் புள்ள? சொல்லு.”