சுண்ணாம்புச் சத்து

என் கணவருடைய பேண்ட்டுகள் நீளமாகிக்கொண்டே போவதை நான்தான் முதலில் கவனித்தேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு அவர் முன்னால் நடப்பார், நான் பின்னால் பைபிளோடு போவேன். ஆம்பூர் பஜாரில் அளவெடுத்துத் தைத்த அதே பேண்ட், அதே செருப்பு. ஆனால் கால் மடிப்பு தெருவைக் கூட்டிக்கொண்டு போனது. "பெல்ட்ட மேல ஏத்திக் கட்டுங்க" என்றேன். "இதுக்கு மேல ஏத்துனா கழுத்துக்கு வந்துடும் டீச்சர்" என்றார். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டிலும் எனக்கு அதே பெயர்தான். அன்று மத்தியானம் அவரைக் கதவு நிலையோடு நிற்க வைத்துப் பார்த்தேன். கல்யாணமான புதிதில் விளையாட்டாக எங்கள் உயரத்தை அங்கே பென்சிலால் குறித்து வைத்திருந்தோம். அவர் தலை தன் கோட்டைத் தொடவில்லை. தலைமேல் ஸ்கேலை வைத்து மறுபடி பார்த்தேன், நிமிர்ந்து நிற்கச் சொல்லி இன்னொரு தடவையும் பார்த்தேன்.

அது தொண்ணூறுகளின் கடைசி. அவர் ஒரு தோல் தொழிற்சாலையில் லைம் யார்டு சூப்பர்வைசர். பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு முடியைக் கழற்றும் இடம் அது. ரத்தக் கொதிப்பைக் கண்டுகொள்ளாமல் விட்டதில் இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், வாரம் இரண்டு முறை வேலூருக்குப் பஸ் ஏறி டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார். என் சிறுநீரகத்தில் ஒன்று அவருக்குப் பொருந்தும் என்று ஆரம்பத்திலேயே சோதனையில் தெரிந்துவிட்டது. நான் தயார். அவர்தான் பிடி கொடுக்கவில்லை. "உன் மேல கத்தி வெக்க வுடமாட்டேன். சும்மா பேஜார் பண்ணாத" என்பார். ஊரில் அதை அன்பு என்றார்கள். எனக்கு அது வீம்பாகத்தான் பட்டது. அவர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

உயரம் குறைவதற்கு முன்பே அரிப்பு வந்திருந்தது. தோலில் ஒரு கொப்புளம் கிடையாது, ஒரு தடிப்பு கிடையாது. உள்ளேயிருந்து அரிக்கிறது என்பார். சர்ச்சில் எல்லோரும் கண்மூடி மௌனமாக ஜெபிக்கும்போது பரக், பரக் என்று அந்தச் சத்தம் மட்டும் கேட்கும். எங்கள் ஊரில் யாருக்கு அரித்தாலும் பழி தொழிற்சாலைக் கழிவு கலந்த தண்ணீர் மேல்தான் விழும், அதில் நியாயமும் உண்டு. நானும் வெளியூர்க் கிணற்றுத் தண்ணீரைக் காசு கொடுத்து வரவழைத்து அவரைக் குளிக்க வைத்தேன். அதற்கும் அரிப்பு நிற்கவில்லை. பிறகு ஒரு நாள் கண்ணில் தூசி விழுந்த மாதிரி உறுத்துகிறது என்றார். வெளிச்சத்துக்கு இழுத்துப் போய் இமையை விரித்துப் பார்த்தேன். கருவிழியின் ஓரத்தில் பொடிப்பொடியாக வெள்ளைத் துகள்கள் இருந்தன. ஊதினேன், முந்தானை நுனியால் ஒற்றி எடுக்கப் பார்த்தேன். அவை கண்ணுக்குள்ளேயே விளைந்திருந்தன.

வேலூர் ஆஸ்பத்திரியில் கையை எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டரம்மாவுக்குச் சின்ன வயதுதான். படத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். விரல்களின் நுனி எலும்பு எலி கொறித்த மாதிரி இருந்தது. ஆனால் விரல்களுக்கு நடுவே, எலும்பே இருக்கக்கூடாத இடத்தில், மெல்லிய வெள்ளைக் கோடுகள் வளைந்து வளைந்து ஓடின.

"இது இன்னா எலும்பு மேடம்?" என்று கேட்டார் இவர்.

"எலும்பு இல்ல சார். ரத்தக்குழாய். சாதாரணமா எக்ஸ்ரேல தெரியாது. உங்களுக்கு அதுல சுண்ணாம்புச் சத்து படிஞ்சிருக்கு."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவே இல்லை.

டாக்டரம்மா சொன்னது கால்சியத்தை. இவர் காதில் விழுந்தது தொட்டிச் சுண்ணாம்பு. இத்தனை வருஷம் முழங்கை வரை நனைந்ததில் அது தோல் வழியாக உள்ளே இறங்கிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார். தொழிற்சாலையில் கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். லைம் யார்டிலிருந்து ஃபினிஷிங் பக்கம் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். சனியன் விட்டது என்று நானும் சும்மா இருந்தேன். அதற்கு மேல் அவர் செய்தது அப்போது எனக்குத் தெரியாது.

சாப்பாட்டோடு மென்று தின்னச் சொல்லி வெள்ளை மாத்திரை கொடுத்திருந்தார்கள். அதுவும் சுண்ணாம்புச் சத்துதான் என்று மருந்துக் கடையில் விசாரித்துத் தெரிந்துகொண்டார். அன்றோடு நிறுத்திவிட்டார். தொழிற்சாலையில் முடி கழன்ற தோலிலிருந்து சுண்ணாம்பை எடுக்க ஒரு வழி உண்டு; அந்தக் காலத்தில் தவிட்டைப் புளிக்க வைத்த தண்ணீரில் முக்குவார்களாம். புளிப்பு சுண்ணாம்பை முறிக்கும். ஆகவே இவர் தன்னையும் அப்படியே முறிக்க ஆரம்பித்தார். தினமும் மத்தியானம் கேன்டீனில் ஒரு டம்ளர் புளித்த மோர் குடித்தார்.

அடுத்த ரத்தச் சோதனையில் பாஸ்பேட் எகிறிக் கிடந்தது. டாக்டரம்மா மாத்திரையைப் பற்றிக் கேட்டார். இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். "சுண்ணாம்பு மேல சுண்ணாம்பு போட்டா தோல் இன்னாத்துக்கு ஆவும் மேடம்?"

எனக்கு அவமானமாகவும் ஆத்திரமாகவும் இருந்தது. "புத்தி மழுங்கிப்போச்சா உங்களுக்கு?" என்று அங்கேயே கத்திவிட்டேன். டாக்டரம்மா கத்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினார்.

பால், மோர், பருப்பு, கறி எல்லாவற்றிலும் பாஸ்பேட் இருக்கிறது. நல்ல சிறுநீரகம் மிச்சத்தை வெளியே தள்ளிவிடும். இவருடையது தள்ளாது, டயாலிசிஸ் மெஷினும் கொஞ்சம்தான் எடுக்கும். வெயிலில் கிடைக்கும் வைட்டமினைப் பக்குவப்படுத்துவதும் சிறுநீரகம்தான். அந்த வேலையும் நின்றுபோனதால் ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து கம்மியாகிறது. கழுத்தில் பருப்பு அளவில் நாலு சுரப்பிகள் இருக்கின்றன. அவை மிரண்டுபோய் ஒரு ஹார்மோனை அனுப்புகின்றன. அது எலும்பிடம் போய்ச் சுண்ணாம்பைக் கேட்கிறது. எலும்பு கரைந்து கொடுக்கிறது, ஆனால் பாஸ்பேட்டையும் சேர்த்தே கொடுக்கிறது. சுரப்பிகள் இன்னும் மிரள்கின்றன, இன்னும் கேட்கின்றன. கரைந்து வந்த இரண்டும் ரத்தத்தில் ஒன்றுகூடி, குழாயில், கண்ணில், கண்ட இடத்தில் போய் உட்காருகின்றன.

"அப்போ எலும்பு கரையுது, நரம்பு எலும்பாவுது" என்றார் இவர் மெதுவாக.

"ஆமா சார். மாத்திரை உங்க வயித்துல சாப்பாட்டுல இருக்கிற பாஸ்பேட்ட பிடிச்சிக்கிட்டு வெளிய போயிடும். அதுக்குத்தான் சாப்பாட்டோட மெல்லச் சொன்னேன்." பிறகு, "ஆனா அளவுக்கு மீறினா அந்தச் சுண்ணாம்பும் உள்ள தங்கலாம். நீங்க பயந்தது முழுசா தப்புன்னு சொல்ல மாட்டேன்" என்றார். இவர் ஜெயித்துவிட்ட மாதிரி என்னைப் பார்ப்பார் என்று நினைத்தேன். தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பல வருஷம் கழித்து வேறொன்று படித்தேன். எலும்பும் சும்மா இருப்பதில்லையாம். பாஸ்பேட் ஏறும்போது, வெளியே தள்ளு என்று அதுவே சிறுநீரகத்துக்கு ஒரு ஹார்மோனை அனுப்புகிறதாம். பதில் வரவில்லை என்றால் இன்னும் இன்னும் அனுப்புமாம். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து அவர் தூங்கிய நாட்களிலெல்லாம், அவர் எலும்புகள் செத்துப்போன சிறுநீரகங்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கின்றன. நான் பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்தியிருக்கிறேன்.

டாக்டரம்மா விளக்கிச் சொன்ன அன்று திரும்பும்போது பஸ் விரிஞ்சிபுரம் தாண்டியது. வறண்ட பாலாற்றைப் பார்த்துக்கொண்டே, "சரி டீச்சர். உன்னுது குடு" என்றார். அத்தனை ஜனங்களுக்கு நடுவே நான் வாய்விட்டு அழுதேன். கண்டக்டர் விசில் ஊத மறந்து எங்களையே பார்த்தார்.

அதன்பிறகு வேலைகள் மளமளவென்று நடந்தன. என்னைத் தலை முதல் கால் வரை சோதித்தார்கள். இடது பக்கத்துச் சிறுநீரகத்தை எடுப்பது என்று முடிவானது. பள்ளிக்கூடத்தில் நீண்ட லீவு எழுதிக் கொடுத்தேன். இவர் மாத்திரையை ஒழுங்காக மென்றார், மோரை விட்டார். குளிக்கும்போது நான் என் இடது விலாவுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்ச நாள்தான், அங்கே போய்விடுவாய் என்று அதனிடம் சொல்வேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஆபரேஷனுக்கு முன் இவருடைய அடிவயிற்றையும் படம் எடுத்தார்கள். சர்ஜன் எங்களை உட்கார வைத்துவிட்டு அதை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். இடுப்புக்குள் இரண்டு வெள்ளைக் கோடுகள் கிளை பிரிந்து தொடைகளுக்குள் இறங்கின. உடம்புக்குள் இன்னொருவருடைய எலும்பு நிற்கிற மாதிரி இருந்தது.

"புதுக் கிட்னிய இந்தக் குழாய்லதான் தைக்கணும்மா. ஊசி இறங்காது. மீறித் தெச்சா உடைஞ்சிடும்."

"வேற எடத்துல தைங்க" என்றேன். "எங்க வேணா வைங்க. எடுத்துக்கோங்கன்னு நானே சொல்றேன், அப்புறம் இன்னா?" என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. சர்ஜன் படத்தைப் பெட்டியிலிருந்து கழற்றினார். இவர் என் கையைப் பிடித்தார். அவர் மணிக்கட்டில் நாடி துடிக்கிற இடத்தில் ஒரு கம்பி உருண்டது. "வுடு டீச்சர். அவர் மேல இன்னா தப்பு" என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் இருந்தார். ஒவ்வொரு வேளைச் சோற்றோடும் மாத்திரையை மென்றார், சின்னப் பிள்ளை மாதிரி சொன்னபடி கேட்டார். எனக்கு அவர் பழையபடி வீம்பு பிடிக்கமாட்டாரா என்றிருந்தது. ஒரு சாயங்காலம் டயாலிசிஸ் முடிந்து எழுந்திருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே போய்விட்டார்.

அவர் போய் ஏழெட்டு வருஷம் கழித்து, வயிற்று வலி என்று வேலூரில் ஸ்கேன் எடுத்தேன். பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்கத்தான். ஒரு சின்னப் பெண் வயிற்றில் ஜெல்லைத் தடவி அங்கேயும் இங்கேயும் அழுத்திப் பார்த்தாள். "கல்லெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. உங்க ரெண்டு கிட்னியும் சூப்பரா இருக்குது" என்றாள்.

"இடது பக்கம் இருக்கிறது என்னுது இல்ல" என்றேன்.

அவள் பயந்துபோய்த் திரையை மறுபடியும் பார்த்தாள்.