டப்பாவில் வெட்டிய பெயர்

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

துபாயில் ஒரு பள்ளிக்கூட பஸ்ஸில் உதவியாளாக இருக்கிறேன். பிள்ளைகள் இறங்கிய பிறகு சீட்டுக்கடியில் குனிந்து பார்ப்பது என் வேலை. தண்ணீர் பாட்டில், தொப்பி, ஒற்றைச் சாக்ஸ், எல்லாவற்றிலும் அந்தந்தப் பிள்ளையின் பெயர் ஒட்டியிருக்கும். ஸ்பூனில்கூட ஒட்டியிருப்பார்கள். வந்த புதிதில், இத்தனை சின்னப் பிள்ளைக்கு இவ்வளவு பொருள் சொந்தமா என்று விசித்திரமாக இருந்தது. இப்போது எதுவும் தோன்றுவதில்லை. எடுக்கிறேன், எழுத்துக்கூட்டி வாசிக்கிறேன், கொடுக்கிறேன்.

போன லீவில் எங்கள் ஊர் திருவாதவூருக்குப் போயிருந்தபோது, நாலாம் வகுப்புப் படிக்கும் என் மகள் செல்வி டிபன் டப்பாவைப் பள்ளியிலேயே விட்டுவிட்டாள். நமக்குப் பழகிய வேலைதானே என்று மறுநாள் நானே அவளோடு போனேன். டீச்சர், கேட்பாரற்றுக் கிடந்த டப்பாக்களை மேசைமேல் எடுத்து வைத்தார். ஒவ்வொன்றாகத் திருப்பி மகளின் பெயரைத் தேடினேன்.

"இதுல இல்லைங்க டீச்சர்" என்றேன்.

பையை வைத்துவிட்டு ஓடிவந்த மகள், நான் ஒதுக்கிய ஒன்றை எடுத்துக்கொண்டாள். அடியில் 'தாய்மாமன் பாண்டி' என்று வெட்டியிருந்தது. என் மச்சினன் அவள் காதுகுத்துக்குச் செய்த சீர். நம் பக்கம் பாத்திரத்தில் கொடுத்தவர் பெயரைத்தான் வெட்டுவோம் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. அந்தக் காதுகுத்துக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை.

டீச்சர் சிரித்தார். "இது பாண்டியண்ணன் டப்பான்னு பள்ளிக்கூடத்துக்கே தெரியுமே. இவ விட்டுட்டுப் போனா போன் போட்டுருவேன், அவருதான் வந்து வாங்கிட்டுப் போவாரு. நீங்க புள்ளைக்கு என்ன வேணும்?"

மேசைமேல் கிடந்த டப்பாக்களைத் திரும்ப அடுக்க ஆரம்பித்தேன். கூச்சம். மகள்தான், "துபாய் அப்பா, டீச்சர்" என்றாள்.

டப்பாவின் மூடி மட்டும் கிடைக்கவில்லை. சனிக்கிழமை அவளைப் பஸ் ஏற்றி, டவுனில் சிம்மக்கல் பாத்திரக் கடைக்குக் கூட்டிப்போய்ப் புது டப்பா வாங்கினேன். பெயர் வெட்டுகிறவர் மெஷினைக் கையில் எடுத்து, "என்ன பேருண்ணே போடணும்?" என்றார். என் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன்.

மகள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வேணாம்ப்பா, மாமா பேரே இருக்கட்டும். தொலைஞ்சா டீச்சர் யாருக்குப் போன் போடுவாங்க? நீங்க துபாய்ல இருந்து வருவீங்களா?"

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"எம்புட்டு நேரம் யோசிப்பீக? பின்னாடி ஆள் நிக்குதுல்ல" என்றார் வெட்டுகிறவர்.

மச்சினன் பெயரைச் சொன்னேன். வெட்டி முடித்து, பொடியை ஊதிவிட்டு, மகளிடமே நீட்டினார். அவள் டப்பாவை ஒரு கையால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கடையை விட்டு இறங்கியதும் மறு கையால் என் விரலைப் பிடித்தாள். கூட்டத்தில் நான் தொலைந்துவிடுவேன் என்பதுபோல, பஸ் வரும்வரை விடவில்லை.

ஐப்பசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, துபாய்.