விலைக்குக் கீழே ஒரு வரி

என் மனுசனுக்குக் காய்ச்சல் வந்த இரண்டாம் நாள், அவரைக் கூட்டிக்கொண்டு போய், வெள்ளவத்தையில் இரத்தம் சோதிக்கும் ஒரு லாப்பில் டெங்கு டெஸ்ட் கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் அன்ரிபொடி டெஸ்ட் என்று ஒன்றை எழுதினாள். பலகையில் இருந்த விலை எங்கள் ஒரு வாரச் சாப்பாட்டுச் செலவு. எனக்கு எழுத்து அவ்வளவாக வராது, இலக்கம் வாசிப்பேன். அதைக் கட்டினேன்.

டெங்கு இல்லை என்றார்கள். அதை நம்பி அவரை வீட்டில் வைத்திருந்தேன். ஐந்தாம் நாள் மயங்கி விழுந்தார். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு சதமும் வாங்காமல் பார்த்து, டெங்குதான் என்றார்கள்.

அவர் தேறி வீடு வந்த பிறகு லாப்புக்குப் போனேன்.

"ரெண்டாம் நாள் அந்த அன்ரிபொடி டெஸ்டில டெங்கு காட்டாது அம்மா, காய்ச்சல் வந்து 5 நாளாவது போகோணும்," என்றாள் அதே பெண்.

"எத்தினை நாள் காய்ச்சல் எண்டு அண்டைக்குக் கேட்டனியோ?"

"நீங்கள்தானே டெஸ்ட் கேட்டனீங்கள்?"

"மீன்காரன்கூடப் பழசெண்டால் வேண்டாம் அக்கா எண்டு சொல்லுவான், பிள்ளை!"

மனேஜர் ஓடி வந்தார். "சத்தம் போடாதேங்கோ அம்மா. காசைத் திருப்பித் தாறம்."

"உன்ர காசு ஆருக்கு வேணும்? அந்த 5 நாளை விலைக்குக் கீழ எழுது."

அவர் சிரித்தார். நான் ஆட்கள் காத்திருக்கிற வாங்கில் உட்கார்ந்து, காய்ச்சலோடு வந்த எல்லோருக்கும் நடந்ததைச் சொன்னேன். சிலர் காசு கட்டாமல் டொக்டரிடம் திரும்பினார்கள்.

மத்தியானம் மனேஜர் பலகையில் விலைக்குக் கீழே ஒரு வரி எழுதினார். எழுத்து எனக்கு விளங்கவில்லை. நடுவில் 5 இருந்தது. அதைப் பார்த்துத்தான் எழும்பினேன்.

அவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அந்தப் பக்கம் போனால், அந்த 5 இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பேன்.