கிட்டில் வந்த கிரிம்பிங் பிளையர்

சுனாமிக்குப் பிறகு கச்சால் தீவிலிருந்து எங்களைக் கப்பலில் ஏற்றி போர்ட் பிளேர் முகாமில் கொண்டுவந்து விட்டார்கள். உதவ வந்தவர்கள் எல்லோரும் எதையாவது கொடுத்தார்கள். எனக்குத் தடித்த கம்பளி ஒன்று கிடைத்தது. தகரக் கொட்டகையின் புழுக்கத்தில் அதை வைத்து என்ன செய்வாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த டூல் கிட்டும் அப்படி வந்ததுதான்.

ஒரு தொண்டு நிறுவனம் தொழில் பயிற்சி நடத்தியது. பெண்களுக்குத் தையல், ஆண்களுக்கு வண்டி ஒயரிங். எனக்குத் தையல் பிடிக்காது. கச்சால் ரப்பர் தோட்டத்தில் அண்ணன் ஜீப் ஓட்டியவன். அது மக்கர் செய்யும்போதெல்லாம் பக்கத்தில் நின்று ஒயரைப் பிடித்துக் கொடுத்தவள் நான். வண்டி வேலைதான் வேண்டும் என்றேன். சிரித்துக்கொண்டே பெயரைச் சேர்த்தார்கள். பயிற்சி முடிந்ததும் ஆளுக்கொரு நீலப் பெட்டி கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். ஒரே பெண் என்பதால் என்னை நடுவில் நிறுத்தினார்கள்.

அண்ணனும் நானும் போர்ட் பிளேர் பக்கத்துச் சிப்பிகாட்டில், கடல் ஏறிப் பாழான வயல்களுக்கு எதிரே, ரோட்டோரமாக ஒரு ஷெட் போட்டோம். இன்ஜின் வேலை அவனுக்கு, ஒயரிங் எனக்கு. இந்தத் தீவுக் காற்றில் ஒயருக்குள் இருக்கும் செம்பு சீக்கிரமே பச்சையாகப் பூத்துவிடும். அதை வெட்டிவிட்டு, முனையில் புதிதாக லக் என்கிற சின்ன உலோகக் கவ்வி ஒன்று வைத்து, கிரிம்பிங் பிளையரால் அமுக்கிக் கொடுக்க வேண்டும். தினமும் இதே வேலைதான்.

வடக்கே இருக்கும் ரங்கத் ஊருக்குப் பயணிகளை ஏற்றிப்போகும் ஒரு சுமோ வந்தது. இன்ஜினுக்கு டீசலைத் திறந்துவிடும் வால்வுக்குப் போகிற ஒயர் இற்றுப்போயிருந்தது. கிட்டில் வந்த பிளையரால் புது லக் அமுக்கி மாட்டினேன். மறுநாள் போலீஸ் காவலோடு வரிசையாகப் போகும் கான்வாயில் போகும்போது ஜாரவா பழங்குடியினரின் காட்டுக்குள் அந்த வண்டி நின்றுவிட்டது. யாருமே நிற்கக் கூடாத ரோடு அது. மழை வேறு. உள்ளே கைக்குழந்தையோடு ஒரு அம்மா இருந்திருக்கிறாள். பின்னால் வந்த லாரியில் கயிறு கட்டி இழுத்துப் போயிருக்கிறார்கள். லக் இடத்தில் இருந்தது. ஒயர் அதிலிருந்து உருவிக்கொண்டு தொங்கியது.

திரும்பி வந்த டிரைவர் ஷெட் வாசலிலேயே ஆரம்பித்தார். “அக்கா, இந்த வேலைக்குக் கையில தாகத் வேணும். லேடீஸ் அமுக்கினா இப்படித்தான் ஆகும்.”

கையில் பலமில்லையாம். வருஷக்கணக்காக ரப்பர் மரம் சீவி, பால் வாளி தூக்கிய கை இது. பிளையரையும் ஒரு லக்கையும் அவர் கையில் திணித்தேன்.

“நீங்களே அமுக்குங்க.”

கழுத்து நரம்பு புடைக்க அமுக்கினார். நான் இரண்டு விரலால் ஒயரை இழுத்தேன். வந்துவிட்டது. அவர் இன்னொன்றை எடுத்து அமுக்கினார். அதுவும் வந்தது.

“அப்ப நல்லதா ஒண்ணு வாங்கிக்கங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். பேசினதுக்கு வருத்தம் என்று ஒரு வார்த்தை வரவில்லை.

அன்றைக்குத்தான் அந்தப் பிளையரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வண்டி லக்கில் இரண்டு காது இருக்கும். அவை உள்பக்கம் சுருண்டு செம்பைக் கவ்வ வேண்டும். இதுவோ காதைத் தட்டையாக நசுக்கியது. அதையும் அரைகுறையாக, வாய் முழுக்கச் சேராமலே. இது வண்டி வேலைக்கான சாமானே இல்லை.

அந்த நிறுவனத்தின் ஆபீசுக்குப் போனேன். மெயின்லேண்டிலிருந்து வந்திருந்த அதிகாரி பிளையரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“ஃப்ரீயா குடுத்ததும்மா. அதுக்கும் குறை சொன்னா எப்படி?”

“ஃப்ரீன்னா வேலை செய்ய வேணாமா சார்?”

“வேற யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணலையே. உங்களுக்குக் கைப்பழக்கம் பத்தல.”

இங்கேயும் என் கைதான். நேரே சாத்தம் ஜெட்டிக்குப் போய் ஃபெர்ரி பிடித்தேன். என்னோடு பயிற்சி முடித்தவர் ஒருவர் பம்பூஃப்ளாட்டில் வேலை செய்துகொண்டிருந்தார். லக்கைக் கல்லில் வைத்துச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். “எனக்குத்தான் சரியா அமுக்க வரல” என்று வெட்கப்பட்டார். இன்னொருவர் வேலையையே விட்டுவிட்டு மீன் ஏலத்துக்குப் போய்விட்டாராம். எல்லோரும் தங்கள் கையையே நொந்துகொண்டு வாயை மூடியிருந்தார்கள். அதைத்தான் அந்த அதிகாரி ‘கம்ப்ளெயின்ட் இல்லை’ என்று சொன்னார்.

பையில் ஒயரும் லக்குகளும் போட்டுக்கொண்டு அபர்தீன் பஜார் கடைக்குப் போனேன். கடைக்காரர் எடுத்து வைத்தது கிட்டில் வந்த அதே ஜாதி.

“ஐலண்ட்ல எல்லாருக்கும் இதுதான் ஓடுது.”

“ஓடலைங்க. காட்டுக்குள்ள நின்னுபோச்சு. வேற எடுங்க, அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன்.”

“கவரைப் பிரிச்சா மால் வேஸ்ட். கப்பல்ல வர்றது, திருப்பி அனுப்ப முடியாது.”

“பிரிக்காம வாங்கினா என் தொழில் வேஸ்ட்.”

முணுமுணுத்துக்கொண்டே பிரித்தார். பளபளவென்று இருந்த ஒன்று ஒயரையே வெட்டியது. கண்ணாடி அலமாரியின் பின்பக்கம் தூசி படிந்து நீளக் கைப்பிடியோடு ஒன்று கிடந்தது. அதைக் காட்டச் சொன்னேன். வாயில் காது சுருள்வதற்கென்றே குழிவு வெட்டியிருந்தது. அமுக்க அமுக்கக் கடகடவென்று பல் ஏறியது. முழுதாக அமுங்கும்வரை திறக்கவே இல்லை. ஒயரைச் சுற்றிப் பிடித்து முழு பலத்தோடு இழுத்தேன். அசையவில்லை. கடைக்காரரும் இழுத்துப் பார்த்தார்.

கையில் ரொம்பப் பலம் இல்லாதவர்களும் சரியாக அமுக்கட்டும் என்று ஒரு சாமானை எவனோ யோசித்துச் செய்து வைத்திருக்கிறான். அது கடையில் தூங்குகிறது. எங்களுக்கு மட்டும் குப்பையைக் கொடுத்து, உன் கை சரியில்லை என்கிறார்கள். அந்த நீளக் கைப்பிடி பிளையரை வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

அடுத்த பயிற்சி முடிந்தபோது, ‘சாதித்த பெண்’ என்று மேடையில் நிற்க என்னை அழைத்தார்கள். போனேன். கொடுப்பதற்கு அடுக்கியிருந்த நீலப் பெட்டி ஒன்றைத் திறந்தேன். அதே பிளையர். போட்டோவுக்கு நிற்காமல், எதிரே உட்கார்ந்திருந்தவர்களிடம் போய் ஒரு லக்கை அமுக்கி, இழுத்து, கழன்ற ஒயரைத் தூக்கிக் காட்டினேன்.

“இப்படி வந்தா உங்க கை மேல பழி போட்டுக்காதீங்க. சாமான் சரியில்ல.”

“அம்மா, இதுக்கு இது இடமில்ல” என்றார் அதிகாரி.

“ஆபீசுக்கு வந்து சொன்னேன் சார். அங்கயும் இடமில்லன்னுதானே அனுப்பினீங்க.”

அதற்குப் பிறகு அவர்கள் என்னை அழைக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் சிலர் என் பின்னாலேயே வாசல்வரை வந்து, அந்தக் கடை எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். பஸ்ஸுக்கு நிற்காமல் அவர்களோடு பஜாருக்கு நடந்தேன்.