கரண்ட் போனால் ஜன்னலை மூடும் ஊர்

பெங்களூருக்கு வந்த புதிதில் எனக்குப் பிடிபடாத விஷயம், கரண்ட் போனதும் இந்த ஊர்க்காரர்கள் ஏன் அவசரமாக ஜன்னலை மூடுகிறார்கள் என்பதுதான். நம் ஊரில் கரண்ட் போனால் கதவைத் திறந்துகொண்டு தெருவுக்கு வருவோம். எப்போது வரும் என்று ஆளுக்கொரு ஜோசியம் சொல்வோம். நாங்கள் குடியிருக்கும் பொம்மனஹள்ளியில் ஒருவரும் வெளியே தலைகாட்டுவதில்லை. சில நொடிகள்தான் அமைதி. பிறகு பேக்கரி வாசலில் ஒன்று, பிரவுசிங் சென்டர் மாடியில் ஒன்று, தையல் கம்பெனிகளின் பின்கட்டில் பெரிதாக ஒன்று என்று ஜெனரேட்டர்கள் உறும ஆரம்பிக்கும். தெரு முழுக்கப் புகை. அதற்குத்தான் ஜன்னலை மூடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

இங்கே ஒரு கல்லூரியில் லெக்சரராக இருக்கிறேன். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு எரிசக்தியும் சுற்றுச்சூழலும் என்றொரு அறிமுகப் பாடம் உண்டு. மதியச் சாப்பாடு முடிந்து எல்லோருக்கும் கண் சொருகும் நேரத்தில் வைத்திருப்பார்கள். புதிதாக வந்தவன் தலையில் அதைக் கட்டுவது வழக்கமாம். நானோ தெரியாத்தனமாக அந்தப் பாடத்தை மதித்துத் தொலைத்தேன். அதற்குக் காரணம் உண்டு. என் அப்பா அனல் மின் நிலையம் ஒன்றில் வேலை பார்த்தவர். எங்கள் கொடியில் காயும் துணியிலெல்லாம் சாம்பல் படியும். அம்மா உதறி மடித்து வைப்பாள். சோறு போடுகிற சாம்பல் என்பதால் வீட்டில் யாரும் முகம் சுளித்ததில்லை. புகையைப் பற்றிக் கேட்கக் கூடாது என்று யாரும் சொல்லித்தராமலே கற்றுக்கொண்டு வளர்ந்தவன் நான்.

என் மனைவி செல்வி இங்கே ஒரு தையல் கம்பெனியில் சேர்ந்தாள். சேர்ந்த மூன்றாம் மாதம் தலைவலி ஆரம்பித்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முந்தானையைத் தலையில் இறுகக் கட்டிக்கொண்டு சுவரோரம் சாய்ந்துவிடுவாள். சில நாள் குமட்டல். "தண்ணி ஒத்துக்கலைங்க, வேற ஒண்ணுமில்ல" என்றாள். எங்கள் தெருவில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் அத்தனையும் அதையே சொல்லின. பிழைக்க வந்த ஊரில் நமக்கு எந்த நோய் வந்தாலும் தண்ணீரைத்தானே குற்றம் சொல்வோம். பொங்கலுக்கு ஊருக்குப் போனோம், இரண்டே நாளில் தலைவலி காணாமல் போனது. இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? திரும்பும்போது இரண்டு கேன் ஊர்த் தண்ணீரைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தோம். அறிவியல் படித்த நான்தான் அந்தக் கேன்களைச் சுமந்தேன்.

வகுப்பில் ஒரு வேலை கொடுத்திருந்தேன். கரண்ட் போனால் உங்கள் வீட்டில் எது ஓடுகிறது, எதை எரித்து ஓடுகிறது, அதன் புகை எங்கே போகிறது என்று பார்த்து எழுதி வர வேண்டும். ஷோபா என்ற பெண், இந்த ஊர்க்காரி, எழுந்து நின்று வாசித்தாள். அவர்கள் வீட்டில் ஜெனரேட்டர் கிடையாதாம். அதனால் அம்மா வேலை பார்க்கும் கம்பெனியைப் பற்றி எழுதியிருந்தாள். கரண்ட் போன நாட்களை ஒரு பக்கத்திலும் அம்மாவுக்குத் தலைவலி வந்த நாட்களை எதிர்ப்பக்கத்திலும் குறித்திருந்தாள். இரண்டும் அப்படியே பொருந்தின. ஞாயிற்றுக்கிழமைகள் காலியாக இருந்தன. எந்தக் கம்பெனி என்று கேட்டேன். செல்வி போகும் கம்பெனி.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை என்று பத்து நிமிடத்துக்கு முன்புதான் கரும்பலகையில் எழுதியிருந்தேன். டீசல் நாற்றம் பழகிப்போனவர்களுக்கு அதற்குள் மறைந்து வருவது தெரியாது என்றும் பெரிய மனுஷன் மாதிரி சொல்லியிருந்தேன். வெளியே மழை பிடித்திருந்தது. அப்போது மின்விசிறி நின்றது.

"அம்மா கம்பெனிக்கும் இதே லைன்தான் சார்" என்றாள் ஷோபா.

இருவரும் ஒரே ஆட்டோவில் போனோம். துணி நனையாமலிருக்க ஷட்டரை இறக்கிவிட்டிருந்தார்கள். பின்கட்டில் ஜெனரேட்டர் அதிர்ந்துகொண்டிருந்தது, புகை வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சுற்றியது. பக்கக் கதவைத் திறந்து உள்ளே போனதும் செல்வி என்னைப் பார்த்துவிட்டுத் தையலை நிறுத்தினாள். முகம் வெளிறிவிட்டது. "யாருங்க, எங்கப்பாவா?" என்றாள். புருஷன்காரன் வேலை நேரத்தில் வந்து நின்றால் ஊரிலிருந்து சாவுச் செய்தி என்றுதான் அங்கே அர்த்தம். மேனேஜரும் அப்படியே நினைத்தார். நான் வாய் திறப்பதற்குள் லீவு எழுதி நீட்டினார். என் அரைகுறைக் கன்னடத்தில் புகை, ஆபத்து என்று பின்கட்டைக் காட்டிக் காட்டிச் சொன்னேன். துக்கத்தில் உளறுகிறான் என்று முதுகைத் தட்டிக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். கடைசி வரிசையில் இரண்டு பெண்கள் மெஷின்மேல் தலை சாய்த்திருந்தார்கள். தூங்குகிறார்கள் என்றே யாருக்கும் தோன்றும்.

ஷோபா தன் அம்மா ஜெயம்மாவிடம் ஓடி ஏதோ சொன்னாள். ஜெயம்மா எழுந்து வந்து, யாரையும் கேட்காமல் ஷட்டரைத் தூக்கினாள். பெண்கள் தள்ளாடிக்கொண்டு மழைக்குள் வந்தார்கள். பலர் வாந்தியெடுத்தார்கள். கடைசி வரிசைப் பெண்களைத் தூக்கி வந்து வெளியே படுக்கவைத்தோம். ஒருத்தி கண் திறக்க வெகுநேரமாயிற்று.

மறுநாள் முதலாளி வந்தார். வேலையை நிறுத்தியது யார், வெளியாளைக் கூட்டிவந்தது யார் என்று எல்லோரையும் நிற்கவைத்துக் கேட்டாராம். அது ஆற்றுத் தண்ணீர்த் தகராறு கிளம்பியிருந்த சமயம். தமிழ் எழுத்திருந்த கடைப் பலகைகளில் தார் பூசியிருந்தார்கள். பஸ்ஸில் நம் பெண்கள் சைகையில் பேசிக்கொண்டு போன நாட்கள். "தமிழ்க்காரி கலாட்டா பண்ணிட்டான்னு ஆயிடும்ங்க, நான் வாயே தொறக்கல" என்று செல்வி பிறகு சொன்னாள். முதலாளி அவள் பக்கம் வருவதற்குள் ஜெயம்மா முன்னால் வந்துவிட்டாள்.

"நானே ஷட்டர் எத்தித்து" என்றாள். தூக்கியது நான்தான், என் மகள் படித்ததைச் சொன்னாள், தூக்கினேன் என்று கன்னடத்திலேயே முடித்துவிட்டாள். செல்வியின் பெயரும் வரவில்லை, என் பெயரும் வரவில்லை. மேனேஜருக்கோ நான் இன்னும் சாவுச் செய்தி கொண்டுவந்த புருஷன்தான். அன்றைக்கே ஜெயம்மாவுக்கு வேலை போயிற்று.

அடுத்த வாரம், யாருக்கும் எதுவும் சொல்லாமல், ஜெனரேட்டரை வெளியே திறந்தவெளிக்கு மாற்றினார்கள். செல்விக்குத் தலைவலி நின்றுவிட்டது. நான் போய் உண்மையைச் சொல்கிறேன் என்று இரண்டு முறை கிளம்பினேன். சொன்னால் செல்விக்கும் வேலை போகும், ஜெயம்மாவுக்குத் திரும்பக் கிடைக்காது என்று எனக்கு நானே கணக்குச் சொல்லி உட்கார்ந்துகொண்டேன். பயம் என்று ஒப்புக்கொள்வதற்கு இந்தக் கட்டுரை வரை ஆகியிருக்கிறது. ஷோபா தவறாமல் வகுப்புக்கு வருகிறாள். முழு மதிப்பெண் போட்டேன். அது அவளாகவே வாங்கியதுதான், நான் கொடுத்தது எதுவுமில்லை.

ஜெயம்மாவின் மெஷின் ஜன்னலோரத்தில் இருந்தது. அதில் செல்வியை உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தாள். வேறு கம்பெனிகளில் வேலை கேட்டுப் போகும் ஜெயம்மா காலையில் அந்த ஜன்னலைத் தாண்டித்தான் நடக்கிறாள். பார்த்தால் சிரித்துக் கை தூக்குகிறாளாம். செல்வி எழுந்திருக்கப் பார்க்கிறாள். ஓடுகிற தையலை விடவும் முடியாமல், கால் பெடலிலேயே இருக்க, பாதி எழுந்து பாதி உட்கார்ந்தபடி அவளும் கையைத் தூக்குகிறாள்.